வேலூரில் ஞாயிறு காலை கிளைடர் விடலாம் வாங்க: பலகை வெட்டுவதிலிருந்து பருந்தோடு சுற்றுவது வரை

கிளைடிங் கிளப் என்றதும் ஆள் ஏறி உட்கார்ந்து பறக்கிற எஞ்சின் இல்லாத விமானம்தான் நினைவுக்கு வரும். அது வேலூரில் இல்லை. புனேவை ஒட்டி ஹடப்சரில் அரசின் விமானப் போக்குவரத்துத் துறையின் கீழ் பல வருடங்களாக ஒரு கிளைடிங் சென்டர் நடந்தது. அங்கே ஒரு கோடியில் விஞ்ச் என்கிற சுருட்டு இயந்திரம் கம்பியை இழுக்க, மறுகோடியில் கிளைடர் நம்ம ஊர்க் காற்றாடி மாதிரி ஜிவ்வென்று ஏறும். நம் பக்கம் ஏலகிரியில் பாராகிளைடிங் நடந்திருக்கிறது. இரண்டுமே பணமும் லீவும் கேட்கிற சமாச்சாரம்.

நாங்கள் நான்கைந்து பேர் ஞாயிறு காலையில் செய்வது அதைவிட ரொம்பச் சின்ன வேலை. கையால் எறியும் கிளைடர். இறக்கை நுனிக்கு நுனி 45 செ.மீ., எடை கோழிமுட்டையில் பாதி, பேட்டரி கிடையாது, ரிமோட் கிடையாது, கையை விட்டால் அதற்கப்புறம் அது காற்றின் பேச்சைத்தான் கேட்கும். ஆனால் வேலை செய்கிற முறை மட்டும் பெரிய கிளப்பில் இருப்பதுதான்: ஒருவர் பறக்க மற்றவர்கள் தரையில் ஓடுவார்கள், ஒவ்வொரு எறியும் நோட்டில் ஏறும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வோம். இந்தக் கடைசி விதியை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். எறிந்த கிளைடர் குப்புற விழுந்ததும் மூக்கில் கொஞ்சம் களிமண், வாலில் கொஞ்சம் வளைவு, இறக்கையில் ஒரு தட்டு என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு மறுபடி எறிபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அது நன்றாகப் பறந்தாலும் எதனால் பறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

இது குழந்தை விளையாட்டு என்று யாராவது சிரித்தால் ஒன்று சொல்லுங்கள். 1804-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கெய்லி ஒரு கம்பின் மேல் காற்றாடியை இறக்கையாகக் கட்டி, பின்னால் சிலுவை போல ஒரு வால் வைத்து, முன்னால் எடையை நகர்த்தி நகர்த்தி எறிந்து பார்த்தார். இன்றைய விமானத்தின் உருவம் அங்கேதான் தொடங்குகிறது. நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதேதான்.

என்னென்ன வேண்டும்

பால்சா என்கிற ரொம்ப லேசான மரத்தின் பலகை ஒன்று. 3 மில்லி கனம், மூன்று அங்குல அகலம், மூன்றடி நீளம். வேலூர் ஸ்டேஷனரி கடைகளில் கேட்டால் "அது இன்னா மரம்" என்று திருப்பிக் கேட்பார்கள், ஆன்லைனில் வரவழைப்பதுதான் சுலபம். வரும் பலகையை வாங்கியதும் கிச்சன் தராசில் எடை போட்டுப் பாருங்கள், ஒரே அளவுப் பலகையில் ஒன்று இன்னொன்றைப் போல ஒன்றரை மடங்குகூட இருக்கும். இறக்கைக்கு லேசானதாகவும் நெளியாததாகவும் இருப்பதை எடுங்கள்.

தெர்மாகோலில் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். முன்பெல்லாம் டிபன் கடை தெர்மாகோல் தட்டை வெட்டியே செய்துவிடுவோம், 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தத் தட்டுக்கே தடை வந்துவிட்டது, அதுவும் நல்லதுதான். டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டியில் வரும் பேக்கிங் தெர்மாகோல் தடியாகவும் உருண்டை உருண்டையாக உதிர்வதாகவும் இருக்கும், அதை மெல்லியதாகச் சீவுவது ஒரு தனி வித்தை. முதல் கிளைடருக்கு பால்சாவே போதும்.

உடலுக்கு 6 மில்லிக்கு 8 மில்லி பைன் மரச் சட்டம், 43 செ.மீ. நீளம். இதற்குக் காசு கொடுக்காதீர்கள். ராணிப்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வந்திறங்கும் மரப்பெட்டிகள் பெரும்பாலும் பைன்தான், உடைத்த பலகை பழைய மரக்கடைகளில் கிடைக்கும், தச்சுப் பட்டறையில் கொடுத்தால் ரீப்பர் மாதிரி கிழித்துக் கொடுத்துவிடுவார். தேக்கு வேண்டாம், கனம்.

அப்புறம் உப்புத்தாள் (சொரசொரப்பான 120-ஆம் நம்பரில் ஒன்று, நைசான 320-ஆம் நம்பரில் ஒன்று), புது பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், ஃபெவிகால், குழந்தைகள் விளையாடும் களிமண், இரண்டு மூன்று ஒரு ரூபாய் நாணயம். நாணயம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வெட்டி, தேய்த்து, ஒட்டுவது

பலகையில் பாதி, அதாவது 45 செ.மீ., இறக்கைக்கு. அகலம் ஏற்கனவே மூன்று அங்குலம், அதாவது ஏழரை செ.மீ., அதைத் தொட வேண்டாம். மீதிப் பாதியில் 15 செ.மீ.க்கு 5 செ.மீ. ஒரு துண்டு, அது படுக்கை வால். 6-க்கு 6 ஒரு துண்டு, அது நிமிர்ந்த வால். மரத்தின் இழை இறக்கையிலும் படுக்கை வாலிலும் நீளவாக்கில் ஓட வேண்டும், நிமிர்ந்த வாலில் மேலும் கீழுமாக. இழையைக் குறுக்காக வைத்து வெட்டினால் முதல் இறக்கத்திலேயே பிஸ்கட் மாதிரி உடையும். ஒரே அழுத்தில் வெட்டாமல் நாலைந்து முறை லேசாக இழுங்கள், பால்சா வெட்டுப்படுவதைவிட நசுங்கத்தான் ஆசைப்படும்.

இப்போது தேய்ப்பு. வேலையில் பாதி இதுதான், பொறுமை இல்லாதவர்கள் கழன்றுகொள்வதும் இங்கேதான். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். மேல்பக்கம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முழுக் கனம் இருக்க வேண்டும், அங்கிருந்து முன்னால் சட்டென்று உருண்டு இறங்க வேண்டும், பின்னால் மெதுவாகச் சரிந்து கடைசியில் 1 மில்லிக்கு மெலிய வேண்டும். பென்சிலால் அந்த மூன்றில் ஒரு பங்குக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், வெறும் விரலால் தேய்த்தால் குழி விழும். பலகையை மேசை விளிம்பில் வைத்து, நுனியிலிருந்து நுனிவரை ஒரே நீள இழுப்பாகத் தேய்த்தால் தூள் மாவு மாதிரி கொட்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். 320-க்கு வரும்போது இறக்கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: பின்விளிம்பில் வெளிச்சம் லேசாக உள்ளே கசிகிற மாதிரி தெரிந்தால் சரி.

வால் துண்டுகள் இரண்டையும் 2 மில்லிக்குக் கீழே தேய்த்துவிடுங்கள். வாலில் 1 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் 2 கிராமுக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும், வால் அவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது. பைன் சட்டத்தையும் அதே காரணத்துக்காகப் பின்பக்கம் பாதிக் கனத்துக்குச் சீவிவிடுங்கள்.

அடுத்தது இறக்கையை நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டு நுனியும் மேலே தூக்கின மாதிரி மறுபடி ஒட்ட வேண்டும். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். தட்டை இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தால் அது பாட்டுக்குச் சாய்ந்துகொண்டே போகும். நுனி தூக்கியிருந்தால், சாய்ந்த பக்கம் வழுக்கும்போது அந்தப் பக்க இறக்கைக்குக் காற்று கொஞ்சம் கீழிருந்து கூடுதலாகப் படும், அதுவே அதை நிமிர்த்திவிடும். கையில் ரிமோட் இல்லாத நமக்கு இதுதான் பைலட். அளவு சுலபம்: ஒரு பாதியை மேசையில் தட்டையாக வைத்து, மறுபாதியின் நுனியை 6 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி முட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டில் முட்டு எப்போதும் இரண்டு தீப்பெட்டியும் ஒரு பழைய கேசட் டப்பாவும், ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துக்கொள்வோம். நடு இணைப்பில் இரண்டு முகமும் இடைவெளியில்லாமல் ஒட்டும்படி சாய்வாகத் தேய்த்துவிட்டு, அடியில் பாலித்தீன் தாள் விரித்து, ஃபெவிகால் தடவி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். தாள் விரிக்காவிட்டால் காலையில் மேசையோடு சேர்த்துத்தான் பறக்க விட வேண்டும்.

ஃபெவிக்விக் போட்டால் ஒரு நிமிடத்தில் முடியுமே என்றால், பால்சாவுக்கு முடியும். தெர்மாகோலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். என் மகனுக்கு முதன்முதலில் செய்த தெர்மாகோல் இறக்கையில் அவசரத்துக்கு இரண்டு சொட்டு விட்டேன், கண்முன்னால் அப்பளம் எண்ணெயில் சுருங்குகிற மாதிரி உள்ளே கரைந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. "அப்பா, பறக்கறதுக்கு முன்னாடியே குண்டு பட்டுடுச்சா?" என்றான்.

சட்டத்தின் மூக்கிலிருந்து 10 செ.மீ. விட்டு இறக்கையின் முன்விளிம்பு. இறக்கைக்குப் பின்னால் 20 செ.மீ. இடைவெளி. அப்புறம் படுக்கை வால், அதன் மேல் நிமிர்ந்த வால். ஒட்டி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். வால் இறக்கைக்கு இணையாக இருக்கிறதா, நிமிர்ந்த வால் நேராக இருக்கிறதா, இறக்கையின் இரண்டு பாதியும் முறுக்கில்லாமல் ஒரே மாதிரி தெரிகிறதா. இந்த அரை நிமிடப் பார்வை களத்தில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூக்கு எடை

இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி, இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல் நுனியில் அந்தப் புள்ளிகளைத் தாங்கித் தூக்குங்கள். இப்போது வால் தொப்பென்று கீழே போகும். மூக்கில் நாணயத்தை டேப் போட்டு ஒட்டுங்கள், ஒரு ரூபாய் நாணயம் வெளியான வருடத்தைப் பொறுத்து 3 முதல் 5 கிராம் வரை இருக்கும், எனவே இரண்டு அல்லது மூன்று போதும். கடைசி ஒரு கிராம் இரண்டு கிராமைக் களிமண்ணால் கூட்டிக் குறையுங்கள். உடல் தரைக்கு இணையாக, மூக்கு ஒரு மயிரளவு கீழே பார்த்தபடி நிற்க வேண்டும். களிமண் மூக்கு சுவரில் மோதும்போதும் சப்பையாகி அதிர்ச்சியைத் தாங்கும், யார் முகத்தில் பட்டாலும் கிழிக்காது, அதனால் நாணயத்தையும் களிமண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

மொத்த எடை 30 கிராம் சுற்றி வந்தால் அருமை. 40-ஐத் தாண்டினால் பறக்கும், ஆனால் அவசரமாகப் பறக்கும்.

எங்கே, எப்போது

இடத்துக்கு வேலூரில் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். பாலாற்று மணல் வெளி நமக்கென்றே விரித்துவைத்த மெத்தை. ரைட் சகோதரர்களும் எஞ்சின் வைப்பதற்கு முன் அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்மேடுகளில் 1900 முதல் 1902 வரை கிளைடர்தான் விட்டார்கள், விழுந்தால் எலும்பு உடையாத தரை வேண்டும், சீரான காற்று வேண்டும் என்பதுதான் கணக்கு. 1902-இல் மட்டும் 700 முறைக்கு மேல் பறந்தார்கள். நீங்கள் பத்து எறியில் சலித்துவிடாதீர்கள்.

ஆனால் பாலாறு எப்போதும் காய்ந்தே கிடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம், 2021 நவம்பரில் அது எப்படி வந்தது என்று கரையில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஆற்றுப்பக்கமே போக வேண்டாம். மற்ற மாதங்களிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும், மேலே பார்த்துக்கொண்டே ஓடும் ஆளுக்கு அவைதான் எமன். அடுத்தது வற்றிய ஏரி: சதுப்பேரி, கழிஞ்சூர் ஏரி மாதிரி. அங்கே சீமைக்கருவேல முள் உங்கள் இறக்கைக்கும் செருப்புக்கும் சேர்த்துக் காத்திருக்கும். ஷூ போடுங்கள், புதருக்குள் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள், விரியன் இருக்கிற மண் இது. மின்கம்பி, ரயில் பாதை, நெடுஞ்சாலை இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். கம்பியில் மாட்டினால் கிளைடரை மறந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அப்துல்லாபுரம் விமானத்தளத்தின் பக்கமும், அரக்கோணத்தில் கடற்படைத் தளம் ராஜாளி இருக்கும் பக்கமும் எதையும் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம்.

நேரம்: விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். இலைகூட ஆடாத காலை வேண்டும், ஏனென்றால் காற்றில்லாதபோதுதான் கிளைடரின் சொந்தக் குணம் தெரியும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது 30 கிராம் பலகை எந்த ஊரில் போய் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தை மாதத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை, காற்றாடிக் காலம் அது. தடையை மீறி விடும் மாஞ்சா நூல் அங்கங்கே அறுந்து கிடக்கும், பைக்கில் போகும்போது கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு போங்கள்.

முதல் எறி, பத்தாவது எறி

எதிர்காற்று இருந்தால் அதைப் பார்த்து நில்லுங்கள். கிளைடரை இறக்கைக்குக் கீழே, எடை சமமாக நின்ற புள்ளிக்குச் சற்றுப் பின்னால் பிடியுங்கள். தோள் உயரம். மூக்கு 20 அடி தள்ளி தரையில் இருக்கும் ஒரு கல்லைப் பார்க்கட்டும். எறியாதீர்கள், தள்ளிவிடுங்கள். பக்கத்து இலைக்குச் சாம்பார் வாளியை நகர்த்துகிற அளவு வேகம் போதும்.

மூன்றில் ஒன்று நடக்கும். நேராகச் சறுக்கி இறங்கினால் பாக்கியசாலி. மூக்கு மேலே தூக்கி, ஒரு கணம் நின்று, பொத்தென்று விழுந்து, மறுபடி தூக்கி, அலை அலையாகப் போனால் மூக்கில் எடை போதவில்லை. கடலை அளவு களிமண் கூட்டுங்கள். அது மட்டும்தான். மறுபடி எறியுங்கள். விட்டதும் நேராகத் தரையில் குத்தினால் எடை கூடுதல், அல்லது வாலுக்கு மேல்நோக்கிய வளைவு தேவை. முதலில் களிமண்ணைக் குறையுங்கள், எடை சமமாக நின்ற இடம் நம் புள்ளியைவிட அரை செ.மீ.க்கு மேல் பின்னால் போகும் நிலை வந்தால் நிறுத்திவிட்டு வாலுக்கு வாருங்கள். படுக்கை வாலின் பின்விளிம்பில் வாயை வைத்துச் சூடாக ஹா என்று ஊதி, விரலால் 1 மில்லி மேலே வளைத்துப் பத்து வரை எண்ணிப் பிடியுங்கள். பால்சா அப்படியே நின்றுகொள்ளும்.

ஒரு பக்கமாகத் திரும்பினால் முறுக்கு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். முறுக்கை எடுக்க வீட்டு வைத்தியம் இட்லிப் பானை: கொதிக்கும் பானை ஆவியில் இறக்கையை அரை நிமிடம் காட்டி, எதிர்ப்பக்கம் லேசாகத் திருகி, ஆறும்வரை பிடியுங்கள். இட்லி வேகும் நேரத்தில் இதைச் செய்தால் வீட்டில் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்பது அவரவர் பாடு.

எப்போது சரியானது என்று அளக்கவும் ஒரு வழி உண்டு. தோள் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். காற்றில்லாதபோது 9 மீட்டர் தள்ளி இறங்கினால் ஒன்றுக்கு ஆறு, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஆறு மீட்டர் முன்னால் போகிறது. எங்கள் முதல் கிளைடர்கள் ஒன்றுக்கு நாலில் தொடங்கின, நோட்டில் இருக்கிறது. ஆள் ஏறும் இன்றைய நல்ல கிளைடர்கள் ஒன்றுக்கு 40, 50 கூடப் போகும், அதாவது ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் வேலூரிலிருந்து ஆற்காட்டைத் தாண்டிவிடலாம். நமக்கு ஆறு போதும்.

உயர எறிவது

சறுக்கல் சரியான பிறகுதான் இது. மாங்காய்க்குக் கல் விடுகிற கைவாகு இருந்தால் பாதி கற்றுக்கொண்ட மாதிரி. ஆள்காட்டி விரலை இறக்கையின் பின்விளிம்பும் உடலும் சேரும் மூலையில் வைத்து, கட்டைவிரலும் நடுவிரலும் உடலைப் பிடிக்க, வலதுகை ஆள் என்றால் கிளைடரை வலப்பக்கம் முப்பது நாற்பது டிகிரி சாய்த்து, வானத்தைப் பார்த்துப் பாதிச் சரிவில் எறியுங்கள். அது வலப்பக்கம் சுழன்று ஏறும், உச்சியில் வேகம் தீர்ந்ததும் இடப்பக்கம் விழுந்து பெரிய வட்டமாக இறங்க வேண்டும். இந்த மாற்றம் அழகாக நடப்பதற்குத்தான் வால். படுக்கை வாலைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடது நுனி 2 மில்லி உயர்ந்திருந்தால் மெதுவாகச் சறுக்கும்போது இடப்பக்கம் திரும்பும். ஆரம்பத்திலேயே இதற்காக வாலைச் சாய்த்து ஒட்டாதீர்கள், முதலில் நேராகப் பறக்கட்டும், பிறகு ஒரு பக்க ஒட்டைப் பிளேடால் விட்டுத் தூக்கிக்கொள்ளலாம். வட்டம் இறுகி இறுகித் தரையைத் தேடி வந்தால் இடது இறக்கையின் பின்விளிம்பை, உடலை ஒட்டின பகுதியில், வாய் ஆவியால் அரை மில்லி கீழே வளையுங்கள். வட்டம் 12 முதல் 15 மீட்டருக்குள் இருக்கட்டும்.

உச்சியில் திரும்பாமல் முதுகைக் காட்டிக் கவிழ்ந்தால் சாய்ப்பு போதவில்லை. ஏறவே இல்லாமல் வலப்பக்கம் சுருண்டு தரைக்கு வந்தால் சாய்ப்பு அதிகம். கிளைடரைத் தொடாதீர்கள், கையை மாற்றுங்கள். மறுநாள் தோள் வலிக்கும், பத்து முழு எறிக்கு மேல் வேண்டாம், எனக்கு நாற்பத்தெட்டு வயது, அனுபவத்தில் சொல்கிறேன்.

ஞாயிறு எப்படி நடக்கும்

ஐந்தே முக்காலுக்கு டீக்கடை. வெளிச்சம் வந்ததும் களம். ஒருவர் எறிவார், ஒருவர் செல்போனில் ஸ்டாப்வாட்ச், ஒருவர் நோட்டு, மற்றவர்கள் ஓடி எடுப்பார்கள். முறை மாறும். வேலூரில் நான்கு பேர் சேர்ந்தால் ஐந்தாவதாக ஆடு மேய்ப்பவர் ஒருவர் வந்து நிற்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏரியில் எந்தப் பக்கம் சேறு, எந்தப் பக்கம் நாய் என்று அவருக்குத்தான் தெரியும்.

நோட்டில் ஒரு வரி: தேதி, எத்தனையாவது எறி, வினாடி, எந்தப் பக்கம் திரும்பியது, என்ன மாற்றினோம். கடைசிக் கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்றும் எழுத வேண்டும். மாற்றாமல் மூன்று முறை எறிந்து மூன்றும் ஒரே மாதிரி இருந்தால்தான் அது கிளைடரின் குணம், இல்லையென்றால் கையின் கோளாறு. போன மாசியில் ஒரு பையன் இருபது எறியும் இடப்பக்கம் கவிழ்கிறதென்று வாலையே பிய்த்துவிட்டான். நோட்டைப் புரட்டினால் அவன் எறிந்தது மட்டும்தான் கவிழ்ந்திருக்கிறது, அவன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி விட்டிருக்கிறான். "அண்ணா, அப்போ வாலு?" என்று கேட்டான். ஃபெவிகாலை நீட்டினேன்.

காற்றில்லாத காலையில் பத்து மீட்டர் உயர எறிக்கு 10 முதல் 15 வினாடி கிடைத்தால் முதல் மாதத்துக்கு ரொம்ப நல்லது. இருபது தொடும்போது டீ உங்கள் கணக்கு. போட்டி வேண்டுமென்றால் ஆளுக்கு ஐந்து எறி, சிறந்த மூன்றின் கூட்டல். ஒரு எறிக்கு 60 வினாடிக்கு மேல் எண்ண மாட்டோம், ஏனென்றால் அதற்கு மேல் போனால் அது எறிந்தவரின் திறமை இல்லை, அடுத்து சொல்லப்போகிற சங்கதி.

பருந்து சுற்றும்போது

எட்டரை மணிக்கு மேல் தரை சூடாகும். எல்லா இடமும் ஒரே மாதிரி சூடாகாது. பச்சை வயல் மெதுவாக, மணலும் தார்ச்சாலையும் நம் ஊரைச் சுற்றி மொட்டையாக நிற்கும் பாறை மலைகளும் சீக்கிரமாக. சூடான இடத்தின் மேலிருக்கும் காற்று ஒரு நேரம் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பும். தெர்மல் என்பது அதுதான். பெரிய கிளைடர் மணிக்கணக்கில் நிற்பதும் அதில்தான், கள்ளப்பருந்து இறக்கையை அசைக்காமல் சுற்றுவதும் அதில்தான். நம் ஆட்கள் கருடனைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டே கிளைடரைத் தேடுவேன்.

பருந்து இல்லாதபோது எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு ஆள் உயர மூங்கில் நுனியில் பழைய ஆடியோ கேசட் நாடாவை ஒரு மீட்டர் கட்டிவிடுங்கள். சும்மா இருக்கும்போது அது காற்று போகும் பக்கம் சாய்ந்தபடி ஆடும். தெர்மல் பக்கத்தில் வரும்போது நாடா குழம்பும், திசை மாறும், பிறகு தலையைத் தூக்கிப் பாம்பு மாதிரி மேலே நிற்கும். குழந்தைகளின் சோப்புக் குமிழியும் வேலை செய்யும், குமிழிகள் எல்லாம் கூட்டமாக மேலே ஏறினால் எறியுங்கள். எனக்கு உடம்பே சொல்லிவிடும்: குளிர்ந்த காற்று ஒன்று முதுகில் பட்டுப் போகும், சட்டென்று நிற்கும், முகத்தில் அடுப்புக்கு முன்னால் நின்ற மாதிரி இளஞ்சூடு. அந்த நொடி.

ஒரு பங்குனி ஞாயிறு, ஒன்பதரை இருக்கும், கடைசி எறி என்று சொல்லித்தான் எறிந்தேன். பதினைந்து வினாடியில் இறங்க வேண்டியது இறங்கவில்லை. நாற்பதில் முதல் உயரத்துக்கே திரும்ப வந்திருந்தது. ஒரு நிமிடத்தில் எல்லோரும் ஓடுவதை நிறுத்திவிட்டோம். இரண்டு நிமிடத்தில் அது ஒரு தபால்தலை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு பருந்து பக்கத்தில் வந்து இரண்டு சுற்று கூடவே சுற்றிவிட்டு, தின்ன முடியாத பொருள் என்று தெரிந்ததோ என்னவோ, விலகிப் போனது. 3 நிமிடம் 40 வினாடியில் வெயிலில் கரைந்துவிட்டது. ஆற்றைத் தாண்டி விருதம்பட்டுப் பக்கம் போயிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஒரு போன். "சார், உங்க ஏரோப்ளேன் எங்க தென்னை மேல கீது. மரம் ஏற ஆளு வியாழக்கிழமைதான் வருவாரு, அவசரம்னா சொல்லுங்க." இறக்கையின் அடியில் பெயரையும் போன் நம்பரையும் அழியாத பேனாவால் எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதற்காகத்தான். கூடவே "ஆபத்தில்லாத பொம்மை விமானம்" என்றும் எழுதுங்கள், இந்தக் காலத்தில் வானத்திலிருந்து எது விழுந்தாலும் ஜனங்கள் போலீஸுக்குத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அதற்கு மேல்

கை சலித்தால் நூல். 20 மீட்டர் மீன்பிடி நரம்பு, நுனியில் சின்ன வளையம், வளையத்துக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி. உடலின் அடியில், எடை சமமாக நிற்கும் புள்ளிக்கு 1 செ.மீ. முன்னால் ஒரு கொக்கி. காற்றுக்கு எதிராக ஓடினால் காற்றாடி மாதிரி ஏறும், தலைக்கு மேல் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தினால் வளையம் தானாகக் கழன்றுவிடும். உலகப் போட்டிகளில் இதன் பெரிய அண்ணன் 50 மீட்டர் நூலில் ஏறுகிறது, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் வழக்கமாக 3 நிமிடம். நூலை முடித்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள், ஆட்டின் காலில் சிக்கினால் அடுத்த ஞாயிறு அந்தக் களம் உங்களுக்கு இல்லை.

ரிமோட் வைத்த கிளைடருக்குப் போகிறவர்கள் 2021 டிரோன் விதிகளைப் படித்துவிட்டு, டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசு இணையதள வரைபடத்தில் உங்கள் களம் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஹடப்சர் மாதிரி இடத்துக்கு நேரில் போய்ப் பெரிய கிளைடரில் உட்கார ஆசையென்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்கே இப்போது பறக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கையால் எறிந்து பழகியவருக்கு அங்கே பயிற்சியாளர் மூக்கைத் தூக்காதே என்று கத்தும்போது காரணம் தெரிந்திருக்கும். ஜெர்மனியின் கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியன்தால் 1891 முதல் ஏறக்குறைய 2,000 முறை பறந்துவிட்டு, 1896-இல் மூக்கு தூக்கி வேகம் இழந்துதான் விழுந்து இறந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி. கிளைடரைக் காரின் பின் கண்ணாடி ஓரத்தில் வைக்காதீர்கள், வேலூர் வெயிலில் ஒரு மதியம் போதும் இறக்கை அப்பளமாகிவிடும். பரணும் வேண்டாம். உள் அறைச் சுவரில், மூக்கு கீழே இருக்க வாலில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். ஐப்பசி மழை ஈரத்தில் எப்படியும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், தை பிறந்ததும் இட்லிப் பானையை ஒரு முறை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.